ரெஃப்ரிக்கு மட்டும் ரீப்ளே இல்லை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடுக்கு வந்த வாய்ஸ் மெசேஜ்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: "ஐஎஸ்எல்-லுக்கு எப்பதாங்க விஏஆர் வரும்?" மீதிப் பேர் நேர் எதிர்க்கட்சி: "பிரீமியர் லீக்கைக் கெடுத்தது போதும், இங்கயாவது விட்டுடுங்க." ரெண்டு கட்சிக்கும் பதில் சொல்லிப் பார்க்கிறேன். அதற்கு முதலில் ஒரு மேட்சுக்குப் போகணும். அந்த மேட்சை மறந்துட்டு இந்தியாவில் இருந்துகொண்டு இந்த விஷயத்தைப் பேசவே முடியாது.

2024 ஜூன் 11. தோஹா, ஜாசிம் பின் ஹமத் ஸ்டேடியம். உலகக் கோப்பைக்கான ஆசியத் தகுதிச்சுற்று, இரண்டாம் ரவுண்டின் கடைசி ஆட்டம். இந்தியாவும் கத்தாரும். சுனில் சேத்ரி ஓய்வு பெற்று சரியாக ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. குர்ப்ரீத் சிங் சந்து கேப்டன். கத்தார் ஏற்கெனவே குரூப்பில் முதலிடம் உறுதியாகிவிட்டதால் பெரும்பாலும் இளம் வீரர்களை இறக்கியிருந்தது. இந்தியா ஜெயித்தால் மூன்றாம் ரவுண்டு. நம்ம அணி அதுவரை போகாத இடம்.

37-வது நிமிடத்தில் சாங்தே கோல் அடித்தார். இடைவேளையில் இந்தியா 1-0. எழுபது நிமிடம் தாண்டியும் 1-0. வாட்ஸ்அப் குரூப்பில் யாரும் எதுவும் எழுதலை. திருஷ்டி பட்டுடும்னு பயம்.

73-வது நிமிடம். கத்தாருக்கு ஃப்ரீ கிக். பந்து பாக்ஸுக்குள் வருகிறது, யூசுஃப் அய்மன் தலையால் முட்டுகிறார், குர்ப்ரீத் தடுக்கிறார். தடுத்த பந்து உருண்டு கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போகிறது. முழுப் பந்தும் போய்விட்டது. கார்னர் என்று நினைத்து இந்திய வீரர்கள் நின்றுவிட்டார்கள். ஒரு கத்தார் வீரர் வெளியே போன பந்தைக் காலால் இழுத்து உள்ளே தள்ளுகிறார், அய்மன் அதை வலைக்குள் தட்டிவிடுகிறார். ரெஃப்ரி நடுக்கோட்டைக் காட்டுகிறார். கோல்!

இந்திய வீரர்கள் ரெஃப்ரியைச் சூழ்ந்துகொண்டார்கள். லைன்ஸ்மேனிடம் கேட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியது. 85-வது நிமிடத்தில் கத்தார் இன்னொரு கோல். 2-1. அதே நேரத்தில் குவைத் ஆப்கானிஸ்தானை 1-0 என்று ஜெயித்து, நாம் போகவேண்டிய இடத்துக்குப் போனது.

இங்கே நான் கொஞ்சம் நிற்கணும். அந்த கோல் நடந்த பத்தாவது விநாடி, டிவியில் ரீப்ளே ஓடியது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பந்து வெளியே போனது தெரியும். கமென்ட்ரி சொன்னவர்களுக்குத் தெரியும். அடுத்த நிமிடம் ட்விட்டரில் ஸ்கிரீன்ஷாட் வந்துவிட்டது, அதைப் பார்த்த அத்தனை பேருக்கும் தெரியும். கோட்டுக்கு வெளியே பச்சைப் புல் தெரிய, அதற்கும் அந்தப் பக்கம் பந்து. அந்த நேரத்தில் உலகத்திலேயே அந்தப் படத்தைப் பார்க்க அனுமதி இல்லாத ஆட்கள் யார் தெரியுமா? மைதானத்தில் இருந்த ரெஃப்ரியும் அவருடைய உதவியாளர்களும். முடிவெடுக்க வேண்டிய ஆட்களே அவங்கதான்.

ஏன் அனுமதி இல்லை? அந்த ரவுண்டுக்கு விஏஆர் கிடையாது. விஏஆர் இல்லாத மேட்சில் ரெஃப்ரி போய் டிவி ரீப்ளே பார்த்து முடிவை மாற்ற முடியாது, அது விதிமீறல். இன்னொரு விதியும் இருக்கு. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், முன்னால் எடுத்த முடிவு தப்பு என்று ரெஃப்ரிக்கே தெரிந்தாலும் அதை மாற்ற முடியாது. நடுக்கோட்டில் இருந்து பந்தை உதைத்த அந்த நொடியோடு கதை முடிந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனம் பிறகு புகார் எழுதியது, விசாரணை கேட்டது. ரிசல்ட் மாறவில்லை. மாறாது என்பது புகார் எழுதியவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இதில் என்னை ரொம்ப உறுத்துவது இதுதான். மூன்றாம் ரவுண்டில் விஏஆர் இருந்தது. அதாவது, இந்தியா அந்த ரவுண்டுக்குப் போயிருந்தால் கேமரா கிடைத்திருக்கும். கேமரா இருந்திருந்தால் அந்த ரவுண்டுக்குப் போயிருக்கலாம்.

"போயிருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன், கவனிச்சுக்கோங்க. "போயிருப்போம்" என்று சொல்ல மாட்டேன். அந்த கோல் ரத்தாகியிருந்தாலும் இன்னும் பதினேழு நிமிடமும் கூடுதல் நேரமும் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், இந்தியா அந்தக் கடைசி மேட்சில் ஜெயித்தே தீரவேண்டிய நிலைமைக்கு வந்ததே தன் சொந்தச் சாதனை. 2024 மார்ச்சில் குவஹாத்தியில், சொந்த மண்ணில், ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றோம். சேத்ரியின் கடைசி மேட்சில் கொல்கத்தாவில் குவைத்துக்கு எதிராக ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. அதற்கெல்லாம் எந்த ரெஃப்ரியும் காரணம் இல்லை. கோச் இகோர் ஸ்டிமாச்சை ஒரு வாரத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள், அது தனி எபிசோடுக்கான கதை.

ஆனால் சொந்தத் தப்பால் தோற்பதும், பந்து வெளியே போனதை எல்லாரும் பார்த்த பிறகு தோற்பதும் ஒண்ணு இல்லை, இல்லையா?

இப்போ இதே கத்தாரில், ஒன்றரை வருஷம் முன்னால் போவோம். 2022 டிசம்பர் 1, உலகக் கோப்பை, ஜப்பான் - ஸ்பெயின். 1-1 என்று இருக்கும்போது ஜப்பான் அடித்த பந்து கோல் கோட்டைத் தாண்டிப் போகிறது, மிட்டோமா ஓடிப்போய் அதை உள்ளே திருப்புகிறார், தனாகா கோல் போடுகிறார். டிவியில் பார்த்தவர்களுக்குப் பந்து வெளியே போனது அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் புல் தெரிந்தது. ஜெர்மனி ரசிகர்கள் கொந்தளித்தார்கள், ஏனென்றால் அந்த கோலால் வெளியே போனது ஜெர்மனி. விஏஆர் பார்த்தார்கள். கோல் செல்லும் என்றார்கள். பிறகு ஃபிஃபா மேலிருந்து எடுத்த படத்தை வெளியிட்டது: பந்தின் வளைவு கோட்டுக்கு மேலே இன்னும் இருந்தது. 1.88 மில்லிமீட்டர் என்று செய்திகள் வந்தன.

இது எப்படி சாத்தியம் என்று யோசிச்சுப் பாருங்க. ஐந்தாம் நம்பர் பந்தின் குறுக்களவு கிட்டத்தட்ட 22 சென்டிமீட்டர். தரையைத் தொடுவது அதன் நட்டநடுப் புள்ளி மட்டும்தான். அந்தப் புள்ளி கோட்டைத் தாண்டி பத்து சென்டிமீட்டர் வெளியே இருந்தாலும், பந்தின் வயிறு இன்னும் கோட்டுக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்கும். விதி என்ன சொல்கிறது? முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டினால்தான் அவுட். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் புல் தெரியத்தான் செய்யும். பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்திருக்கீங்களா? ஓட்டுறவருக்கு முள் அறுபதில், உங்களுக்கு வேற நம்பரில். முள் ஒன்றுதான், கண் இருக்கிற இடம்தான் வேற.

ஆக ரெண்டு மேட்ச். ரெண்டிலும் பந்து வெளியே போன மாதிரி தெரிந்தது. ஒன்றில் நிஜமாகவே போனது, கேமரா இல்லை, கோல் கொடுத்தார்கள். இன்னொன்றில் போகவில்லை, கேமரா இருந்தது, கோல் கொடுத்தார்கள். ரெண்டிலும் "கோல்" என்ற ஒரே முடிவு. ஆனால் ஜப்பானின் முடிவை இன்றைக்கு யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. படம் இருக்கு.

ஓஎம்ஆர் பக்கம் டர்ஃப் ஆடுறவங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையே இல்லை. நாவலூரோ, படூரோ, தாழம்பூரோ, ராத்திரி பத்து மணி ஸ்லாட் எடுத்து ஆடும்போது ரெஃப்ரி கிடையாது. "மச்சான் கை பட்டுச்சு." "எங்கடா பட்டுச்சு, தோள்." இப்படித்தான் தீர்ப்பு. யார் குரல் பெருசோ அவர் பக்கம் நியாயம். நாங்க இதுக்கு பழகிட்டோம். ஆனால் சிறுசேரியில் ரெண்டு வருஷம் முன்னால் ஐடி கம்பெனி அணிகளுக்கு ஒரு டோர்னமென்ட் நடந்தது. எனக்கு முட்டி வலி, ஆட முடியாது, அதனால் கையில் கொடியைக் கொடுத்து லைனில் நிறுத்திட்டாங்க. மூன்று மேட்ச் நின்றேன். அந்த மூன்று மேட்சுக்குப் பிறகு டிவி பார்த்து லைன்ஸ்மேனைத் திட்டுறது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது.

ஏன் என்று சொல்றேன். ஆஃப்சைடு பார்க்கணும்னா, கடைசிக்கு முந்தைய டிஃபெண்டரோடு ஒரே கோட்டில் நான் இருக்கணும். அவர் ஓடினால் நானும் ஓடணும். பந்தை உதைக்கிற நொடியில் ஃபார்வர்டு எங்கே இருக்கார் என்று பார்க்கணும். உதைக்கிறவர் முப்பது மீட்டர் தள்ளி. கண்ணை ஒரே நேரத்தில் ரெண்டு இடத்தில் வைக்க முடியாது. அங்கே இருந்த ஒரு சீனியர் ரெஃப்ரி அண்ணன் சொல்லிக்கொடுத்தார்: "தம்பி, உதைக்கிறதைப் பார்க்காதே, சத்தத்தைக் கேளு. கண்ணு டிஃபெண்டர் மேலேயே இருக்கட்டும்." பெரிய ரெஃப்ரிகளே அப்படித்தான் செய்வார்களாம். அறுபதாயிரம் பேர் கத்துற ஸ்டேடியத்தில் அந்தச் சத்தத்தை எப்படிக் கேட்பாங்களோ.

இதே ஆள் ஃப்ரீ கிக் நேரத்தில் ஆஃப்சைடு கோட்டில் நிற்கணும், பந்து உள்ளே போனதும் கோல் கோட்டுக்கு ஓடணும், பந்து வெளியே போச்சா என்று பார்க்கணும். நடுவில் கோல் கம்பம், கோல்கீப்பர், பத்துப் பதினைந்து கால்கள். தோஹாவில் நடந்ததற்கு இது சாக்கு ஆகாது. ஆனால் அந்த வேலை என்னன்னு தெரிஞ்சா, "கண்ணு தெரியலையா" என்ற கேள்வி கொஞ்சம் அபத்தமாகத் தெரியும். கண்ணு நல்லாத்தான் தெரியுது. நிக்கிற இடத்திலிருந்து பார்க்க முடியாததைப் பார்க்கச் சொல்றோம்.

அதே டோர்னமென்டின் அரையிறுதியில் இன்னொன்று நடந்தது. எதிர்ப்பக்கக் கோட்டில் ஒரு பந்து, உள்ளேயா வெளியேயா என்று சண்டை. ரெண்டு அணியும் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாங்க. ஒரு வீடியோவில் பந்து வெளியே. இன்னொரு வீடியோவில் உள்ளே. ரெண்டும் நிஜ வீடியோ, ரெண்டும் வேற வேற மூலையில் இருந்து எடுத்தது. ரெஃப்ரி ரெண்டையும் பார்க்க மறுத்துவிட்டார். எனக்கு அப்போ புரிந்தது, "வீடியோ இருந்தா போதும்" என்று சொல்றதும் முழு உண்மை இல்லை. எந்த இடத்தில் கேமரா, யார் அதை ஓட்டுவது, யார் பார்ப்பது, எந்தக் கேள்விக்காகப் பார்ப்பது, இதெல்லாம் விதியில் எழுதப்பட்டிருக்கணும்.

சரி, விஏஆர் எதிர்க்கட்சிக்கு வருவோம். அவங்க சொல்றதிலும் நியாயம் இருக்கு. 2018 மார்ச்சில் விதிப்புத்தகத்துக்குள் விஏஆர் வந்தது, அந்த வருஷம் ரஷ்யாவில் உலகக் கோப்பைக்கு வந்தது, 2019-20 சீசனில் பிரீமியர் லீக்குக்கு. கோல், பெனால்டி, நேரடி ரெட் கார்டு, ஆள் மாறிக் கார்டு கொடுப்பது, இந்த நான்கில் மட்டும் தலையிடும் என்றார்கள். "தெளிவான, வெளிப்படையான தப்பு" இருந்தால்தான் என்றார்கள். நடந்தது என்ன? கோல் விழுந்தால் கத்தலாமா வேண்டாமா என்று ரசிகர் ஸ்கிரீனைப் பார்த்து நிற்கிறார். அக்குள் ஆஃப்சைடு, கால்விரல் ஆஃப்சைடு. ஹேண்ட்பால் என்றால் இன்றைக்கும் பத்து ரெஃப்ரிக்குப் பத்து கருத்து, ஸ்லோமோஷன் அதை இன்னும் மோசமாக்குகிறது. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாம் - லிவர்பூல் ஞாபகம் இருக்கா? லூயிஸ் டியாஸ் போட்ட சரியான கோலை மைதானத்தில் ஆஃப்சைடு என்று மறுத்தார்கள். விஏஆர் அறையில் இருந்தவர் மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, "செக் முடிந்தது" என்று சொல்லிவிட்டார். ஆட்டம் தொடங்கிவிட்டது. தப்பு புரிந்தபோது நிறுத்த முடியவில்லை. எந்த விதி தெரியுமா? தோஹாவில் பார்த்தோமே, அதே விதி. ஆட்டம் தொடங்கிட்டா முடிஞ்சது.

கேமரா, ஸ்டூடியோ, ஆள், பணம் எல்லாம் இருந்த இடத்திலும் அந்த ஒரு விதி கழுத்தைப் பிடித்தது. எனக்கு அது ரொம்ப முக்கியமான விஷயமாகப் படுகிறது. டெக்னாலஜியை மட்டும் மாற்றி விதியை விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

விதி பற்றிப் பேசும்போது, நம்ம பக்கத்து மேட்ச் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 2023 மார்ச் 3, பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா ஸ்டேடியம், ஐஎஸ்எல் நாக்-அவுட், பெங்களூரு எஃப்சி - கேரளா பிளாஸ்டர்ஸ். தொண்ணூறு நிமிடமும் கோல் இல்லை. கூடுதல் நேரத்தில் பெங்களூருக்கு ஃப்ரீ கிக். கேரளா சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே சேத்ரி பந்தை வலைக்குள் போட்டார். ரெஃப்ரி கோல் கொடுத்தார். கேரளா கோச் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தை விட்டே வெளியே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. மேட்ச் பெங்களூருக்குப் போனது. பிறகு கேரளாவுக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்கு 10 மேட்ச் தடை.

எனக்குத் தெரிந்த மலையாளி நண்பர்கள் இன்றைக்கும் "விஏஆர் இருந்திருந்தால்..." என்பார்கள். சாரி சேட்டா, விஏஆர் இருந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. பந்து கோட்டைத் தாண்டியது, ஆஃப்சைடு இல்லை, ஃபவுல் இல்லை. சண்டையே வேற. வேகமாக ஃப்ரீ கிக் எடுக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் ரெஃப்ரி சுவரை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டால், விசில் அடித்த பிறகுதான் எடுக்கணும். ரெஃப்ரி எந்த நிலையில் இருந்தார்? விசிலும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டுத்தான் அடித்தேன் என்று சேத்ரி பிறகு சொன்னார். அந்தப் பேச்சு ரெண்டு பேருக்கு நடுவில் நடந்தது. கேரளாவின் பதினோரு பேருக்கும் கேட்கலை, ஸ்டேடியத்துக்கும் கேட்கலை, நமக்கும் கேட்கலை. எத்தனை கேமரா வைத்தாலும் அது ரெக்கார்டு ஆகியிருக்காது.

இந்த இடத்துக்குத் தேவை ஒரு விதி மாற்றம், அதுவும் சின்னது. வேகமாக எடுக்க அனுமதி கொடுத்தால் கையை உயர்த்தி எல்லாருக்கும் தெரிகிற ஒரு சைகை. அவ்வளவுதாங்க. செலவு பூஜ்யம். 2025-26 சீசனில் இருந்து கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று கொண்டு வந்தார்களே, அதில் கடைசி ஐந்து விநாடியை ரெஃப்ரி கையைத் தூக்கி விரல்விட்டு எண்ணுகிறார். எல்லாருக்கும் தெரிகிறது, சண்டை இல்லை. அதே மாதிரி 2023 பெண்கள் உலகக் கோப்பையில் ரெஃப்ரி மைக்கில் முடிவை ஸ்டேடியத்துக்கே அறிவித்தார். கபடியில், ஹாக்கியில் எல்லாம் நாம் இதைப் பார்த்துப் பழகியவர்கள். கால்பந்துக்குத்தான் வாயைத் திறக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆச்சு.

மெதுவாக மாறுவதற்குக் காரணமும் இருக்கு. விதியை எழுதுவது ஐஎஃப்ஏபி என்ற அமைப்பு, 1886-ல் ஆரம்பித்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு ஆளுக்கு ஒரு ஓட்டு, மீதி உலகம் முழுக்கச் சேர்த்து ஃபிஃபாவுக்கு நான்கு ஓட்டு. எட்டில் ஆறு கிடைத்தால்தான் விதி மாறும். 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக லாம்பார்டு அடித்த பந்து கோட்டைத் தாண்டி உள்ளே விழுந்தும் கோல் கொடுக்கலை. ரெண்டே வருஷத்தில், 2012 ஜூலையில், கோல்-லைன் டெக்னாலஜிக்கு அனுமதி வந்தது. பாதிக்கப்பட்டது இங்கிலாந்து என்பதால் வேகமாக வந்ததா என்று கேட்டால், நான் "ஆமாம்" என்றுதான் சொல்லுவேன். நம்ம தோஹா கோலுக்காக யாரும் விதிப்புத்தகத்தைத் திறக்கப்போவதில்லை.

அப்போ இந்தியாவுக்கு என்ன வழி? 2023-ல் கேரளா விவகாரத்துக்குப் பிறகு சம்மேளனத் தலைவர் கல்யாண் சௌபே "விஏஆர் லைட்" பற்றிப் பேசினார். பேச்சு பேச்சாகவே இருந்தது. 2025 ஜூலையில் ஐஎஸ்எல் சீசனையே நிறுத்தி வைக்கும் நிலைமை வந்தது. லீக் நடக்குமா என்றே தெரியாத ஊரில் தனி வீடியோ அறை, பயிற்சி பெற்ற விஏஆர் ரெஃப்ரிகள், ரீப்ளே ஆபரேட்டர்கள் என்று கேட்பது, சிறுசேரிக்கு மெட்ரோ வருவதற்கு முன்னாலேயே ஏர்போர்ட் கேட்கிற மாதிரி.

ஆனால் நடுவில் ஒரு வழி இருக்கு, அதைப் பற்றி நம்ம ஊரில் யாரும் அதிகம் பேசுவதே இல்லை. பெயர் ஃபுட்பால் வீடியோ சப்போர்ட், சுருக்கமாக எஃப்விஎஸ். கிரிக்கெட் டிஆர்எஸ் தெரிந்த யாருக்கும் ஒரு நிமிடத்தில் புரியும். தனி வீடியோ அறை கிடையாது. அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு மூச்சையும் செக் பண்ணுகிற ரெஃப்ரி கிடையாது. கோச்சுக்கு மேட்சுக்கு ரெண்டு ரிவ்யூ. தப்பு நடந்ததாக நினைத்தால் உடனே விரலைச் சுழற்றிக் காட்டி, நான்காவது நடுவரிடம் ஒரு கார்டைக் கொடுக்கணும். மைதானத்து ரெஃப்ரியே கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற மானிட்டரில் போய்ப் பார்ப்பார். முடிவு மாறினால் ரிவ்யூ கையிலேயே இருக்கும், மாறவில்லை என்றால் ஒன்று போச்சு. இருக்கிற சில டிவி கேமராக்களே போதும். 2024-ல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் இதைப் பயன்படுத்தினார்கள். இத்தாலியின் மூன்றாம் டிவிஷனான சீரி சி-யிலும் 2025-26-ல் கொண்டு வந்தார்கள். அதாவது பணக்கார லீக்குக்காக யோசித்தது இல்லை இது. நம்ம மாதிரி ஆட்களுக்காக யோசித்தது.

தோஹா 73-வது நிமிடத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்க. ஸ்டிமாச் விரலைச் சுழற்றுகிறார். ஆட்டம் தொடங்க முடியாது. ரெஃப்ரி நடந்துபோய் மானிட்டரைப் பார்க்கிறார். நாம் பார்த்த அதே ரீப்ளே. ஒரு நிமிடம் ஆகும். கோல் இல்லை.

குறை இல்லாமல் இல்லை. கடைசி ஐந்து நிமிடத்தில் ஜெயிக்கிற அணியின் கோச், எதிரணியின் மூச்சை நிறுத்த வேண்டும் என்றே ரிவ்யூ கேட்பார். நம்ம கோச்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். நல்ல கோணத்தில் கேமரா இல்லாவிட்டால் ரெஃப்ரி பார்த்தும் ஒன்றும் தெரியாது, சிறுசேரி டோர்னமென்ட் மாதிரி. ரெண்டு ரிவ்யூவும் முதல் அரைமணியில் வீணாகிவிட்டால், எண்பதாவது நிமிட அநியாயத்துக்குக் கேட்பார் இல்லை. அதற்குத்தான் கிரிக்கெட்டில் "தோனி ரிவ்யூ சிஸ்டம்" என்றார்கள், எப்போது கேட்கக்கூடாது என்று தெரிந்தவர் அவர். டிஆர்எஸ்ஸையே இந்தியா பல வருஷம் எதிர்த்தது, 2016 இங்கிலாந்து தொடரில்தான் ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு டிஆர்எஸ் இல்லாத ஒரு டெஸ்டை உங்களால் பார்க்க முடியுமா?

இன்னொரு பக்கமும் சொல்லணும். நம்ம ஊரில் ரெஃப்ரி ஆவது ரொம்பக் கஷ்டமான வேலை. தமிழ்நாட்டில் இருந்து போன சங்கர் 2002 உலகக் கோப்பையில் உதவி ரெஃப்ரியாக இருந்தார். திண்டுக்கல் ரூபா தேவி ஃபிஃபா ரெஃப்ரி பேட்ஜ் வாங்கினார். இவங்க பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ரெஃப்ரி பெயர் நமக்குத் தெரிவது அவர் தப்பு செய்த அன்றைக்கு மட்டும்தான், அன்றைக்கு அவருடைய இன்ஸ்டாகிராம் கமென்ட் பாக்ஸில் அவர் அம்மா வரைக்கும் இழுப்போம். ஒரு மானிட்டரும் ரெண்டு ரிவ்யூவும் இருந்தால், பந்து கோட்டைத் தாண்டியதா என்ற கேள்வியோடு அவர் ராத்திரி வீட்டுக்குப் போகத் தேவையில்லை. விஏஆர் ஆதரவாளர்கள் அணிகளுக்கு நியாயம் என்று மட்டும் பேசுகிறார்கள். எனக்கு இது ரெஃப்ரிக்கான நியாயமாகவும் படுகிறது.

ஆஃப்சைடு விதியைப் பற்றி நான் வேண்டுமென்றே அதிகம் பேசலை. ஆர்சென் வெங்கர் சொல்கிற யோசனை, அதாவது ஃபார்வர்டுக்கும் டிஃபெண்டருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால்தான் ஆஃப்சைடு, அதுவே ஒரு முழு எபிசோடுக்குத் தாங்கும். எனக்குப் பாதி பிடிக்குது, பாதி பயமா இருக்கு. கிரிக்கெட்டின் "அம்பயர்ஸ் கால்" மாதிரி ஒரு இடைவெளியை ஆஃப்சைடுக்கும் விடலாமா என்பதையும் அதோடு சேர்த்துப் பேசலாம்.

அதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். உங்க டர்ஃப் குரூப்பில் அடுத்த தடவை ஆடும்போது, அணிக்கு ரெண்டு ரிவ்யூ, கோல் கோட்டுக்கு நேராக ஒரு போன் ஸ்டாண்டு, இப்படி வைத்து ஒரு மேட்ச் ஆடிப் பாருங்க. எத்தனை ரிவ்யூ ஜெயிச்சது, எத்தனை சண்டை கூடுச்சு, எத்தனை குறைஞ்சதுன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதில் இருந்தே ஆரம்பிக்கலாம்.